மனச்சோர்வு மாத்திரைக்கு ஏன் ஒரு மாதம் ஆகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். "அண்ணா, டாக்டர் எஸ்சிடலோபிராம் எழுதிக்கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, அவ்வளவுதான். மனசு போட்டது போட்டபடி கிடக்கிறது. 'இதெல்லாம் பழகிப்போகிற மாத்திரை, தூக்கிப் போடு' என்கிறார் அம்மா. நிறுத்திவிடட்டுமா?"

வேண்டாம் தங்கச்சி. டாக்டரிடம் பேசாமல் நிறுத்த வேண்டாம். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். எனக்குச் சீட்டு எழுதியவர் "போட்டுட்டு வாங்க" என்றதோடு சரி. எத்தனை நாள் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் நானாகவே நிறுத்தினேன். மறுபடி ஒரு மருத்துவரிடம் போய் உட்கார எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவில் சின்ன இடைவெளி இருக்கிறது. ஒரு செல் அதில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை விடுகிறது, அடுத்த செல் வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தை முதல் செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சிடின் எல்லாம் அந்த உறிஞ்சலைத் தடுக்கிற மாத்திரைகள். மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்தில் இந்தத் தடுப்பு நடந்துவிடுகிறது.

செரட்டோனின் மேல் சந்தேகம் விழுந்ததில் நம் ஊர் மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி இரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் எழுதியதை உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து முடங்கினார்கள். செரட்டோனின் போன்ற பொருள்களின் இருப்பை அது மூளையில் காலி செய்கிறது என்று பிறகு தெரிந்தது. இன்னொரு பக்கம், 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகள் நோய் தீரும் முன்பே கலகலப்பானார்கள். அந்த மருந்து இதே பொருள்கள் சிதைவதைத் தடுத்தது. இரண்டையும் கூட்டி, 'செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு' என்று கணக்கு முடிக்கப்பட்டது.

அந்தக் கணக்கு இன்று நிற்கவில்லை. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, குறைபாட்டுக்கு உறுதியான சான்று இல்லை என்றது. 'அப்படியானால் மாத்திரையே ஏமாற்றுதானே' என்று சிலர் கிளம்பினார்கள். அது தவறு. 522 பரிசோதனைகளையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் 21 மனச்சோர்வு மருந்துகளுமே, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக வேலை செய்தன. வித்தியாசம் பிரமாதமானது இல்லைதான், ஆனால் உண்மையானது.

சரி, சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும் மருந்துக்கு மனசு தெளிய ஏன் நாலு வாரம்?

மூளைத்தண்டில் ரஃபே என்ற பகுதியில்தான் செரட்டோனின் செல்கள் இருக்கின்றன. மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து இருக்கிறதே, தண்ணீர் ஏறினால் குழாயை அடைப்பது, அது மாதிரி, செரட்டோனின் அளவை உணரும் ஓர் ஏற்பி அந்தச் செல்களிடமும் உண்டு. மாத்திரையால் செரட்டோனின் ஏறியதும் பந்து மேலே போய் வரத்தைக் குறைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பந்து சளைத்துப் போகும், வரத்து மறுபடி திறக்கும். இது ஒரு விளக்கம். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் புது இணைப்புகள் வளர நாள் பிடிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம் மூன்றாவது.

ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் முகங்களை வைத்து ஆராய்ந்தார்கள். உணர்ச்சியே இல்லாத ஒரு முகம், அதே முகம் நன்றாகச் சிரிக்கும்போது எடுத்த படம், இரண்டையும் கணினியில் கலந்தால் 10 சதவீதச் சிரிப்பு, 20 சதவீதச் சிரிப்பு என்று படிப்படியாக முகங்கள் கிடைக்கும். திரையில் ஒவ்வொன்றும் அரை நொடி வந்து மறையும். இது சந்தோஷமா, சோகமா, பயமா, கோபமா, ஒன்றுமில்லையா? சொல்ல வேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு முகத்தைச் சந்தோஷம் என்று அடையாளம் காண மற்றவர்களைவிட அதிகச் சிரிப்பு தேவைப்படுகிறது. அப்புறம், 'நேர்மையானவர்', 'கலகலப்பானவர்', 'சிடுமூஞ்சி' என்பது போன்ற குணச் சொற்கள் வரும். உங்களைப் பற்றி இப்படிச் சொன்னால் பிடிக்குமா என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, எந்தெந்தச் சொற்கள் வந்தன என்று எதிர்பாராமல் கேட்பார்கள். நல்ல சொற்கள்தான் மனச்சோர்வில் இருப்பவர்களின் நினைவிலிருந்து அதிகம் நழுவியிருக்கும்.

இப்போது ஒரே ஒரு வேளை மாத்திரை. பாதிப் பேருக்கு ரெபாக்சிடின் என்ற உண்மையான மனச்சோர்வு மருந்து (உங்கள் மாத்திரையின் வகை இல்லை, நாரட்ரினலின் என்ற வேறொரு பொருளின் உறிஞ்சலைத் தடுப்பது), பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2009-இல் வந்த முடிவு இது: மருந்து சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே சிரித்த முகங்களைக் கூடுதலாகக் கண்டுகொண்டார்கள், நல்ல சொற்களைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது மட்டும், "அப்படியேதான் இருக்கிறது."

இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பார்ப்பதில் எது தங்கும், எது விழும் என்று பிரிக்கிற ஒரு சல்லடை நமக்குள் இருக்கிறது என்று வையுங்கள். மருந்து முதல் நாளே அந்தச் சல்லடையை மாற்றிவிடுகிறது. மனசுக்கு அது இன்னும் தெரியவில்லை.

ஒரு காட்சியைப் பாருங்கள். காலையில் எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "என்னம்மா, சாப்டாச்சா?" என்கிறார். கையில் வாளி, அடுப்பில் பால், அதனால் அரைச் சிரிப்பு. மனச்சோர்வின் சல்லடையில் அந்த அரைச் சிரிப்பு கீழே விழுந்துவிடும். 'கடமைக்குக் கேட்கிறார், என்னைப் பார்த்தாலே எரிச்சல் போல' என்பதுதான் மேலே தங்கும். மாத்திரையின் நாலாம் நாள் அதே அரைச் சிரிப்பு தங்குகிறது. அது தங்கியது உங்களுக்கே தெரியாது. மறுநாள் கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுக்கையில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், அதுவும் தங்குகிறது. 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்ற எண்ணம் வருடக்கணக்கில் கெட்டிப்பட்டது. ஒரு சிரிப்பில் கரையாது. இருபது, முப்பது, ஐம்பது சேர வேண்டும். அவை சேர்கிற நாள்கள்தான் அந்த நாலு வாரம் என்கிறது இந்த விளக்கம்.

இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சல்லடை மாறினாலும், அதில் போட ஏதாவது வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் படுத்திருந்தால் எந்த முகம் வந்து விழும்?

அதனால்தான் மாத்திரையோடு சேர்த்து இன்னொன்றையும் செய்யச் சொல்கிறேன். நடத்தைத் தூண்டல் என்ற சிகிச்சை முறை அது. "மனசு சரியானதும் எழுந்திருக்கிறேன்" என்று சோர்வு சொல்லும். இந்த முறை அதைத் திருப்பிப் போடுகிறது: மனசைக் கேட்காதே, கடிகாரத்தைக் கேள். வேலை சின்னதாக இருக்க வேண்டும், நாம் நினைப்பதைவிடவும் சின்னதாக. 'குளிக்க வேண்டும்' என்பதே அந்த நாள்களில் மலை. 'துண்டை எடுத்துக் குளியலறைக் கொடியில் போட வேண்டும்' என்பது முடியும். எனக்கு மொட்டை மாடியில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. ஆறரை மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான் என் வேலை. ஒரு நோட்டில் போவதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு மார்க் போடுவேன். முன்னால் 2, பின்னால் 2. பல நாள் அப்படித்தான். ஒரு நாள் பின்னால் 3 என்று எழுதினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெரியவர், "செடி நல்லா வந்துடுச்சே தம்பி" என்று சொன்ன நாள் அது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பேசப் போனவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். மூன்று மாதத்தில், இந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இது. இதற்குப் பணம் கொடுத்தது லண்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை. நம் மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் ஒரு சதவீதம். மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாத நாட்டில், ஒரு கிராம சுகாதாரப் பணியாளரால் செய்யக்கூடிய சிகிச்சை கையில் இருந்தும் ஒவ்வொரு ஊருக்கும் அது போகவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அம்மா அடுத்து கயிறு கட்ட, மந்திரிக்கக் கூப்பிடலாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளியே போய் நாலு முகம் பார்ப்பது நல்லதுதான். 'செய்வினை' என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தப்பி ஓட அவர்களால் முடியவில்லை. தமிழ்நாட்டில் யாரும் அதை மறக்கக் கூடாது.

இனி உங்கள் ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன். வயிற்றுப் புரட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இது குடிப்பழக்கம் மாதிரி ஏக்கம் பிடிக்க வைக்கிற மருந்து இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், அதனால் நிறுத்தும்போதும் டாக்டர் சொல்படி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். முதல் மருந்திலேயே முழுதாகத் தெளிபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான், எனவே அது தோல்வி இல்லை. இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் கூடுதல் கவனத்தோடு இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், எந்த வயதானாலும், காத்திருக்காமல் உடனே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாளைக் காலை எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிக்கும் நேரத்துக்கு வெளியே வந்து நில்லுங்கள். பேச வேண்டும் என்றில்லை. உள்ளே வந்ததும் நோட்டில் மார்க் போடுங்கள். 2 வந்தால் 2 என்றே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி.