ஒட்டடுக்கு மரம்: 'லெமினேட்' மரக்கப்பல்னு சொல்றாங்களே, அது என்ன?

லெமினேட்னு சொன்னா ஹட்டன், பண்டாரவளை டவுன்ல யாருக்கும் முதல்ல வர்றது ஐடென்டி கார்டை பிளாஸ்டிக்ல வச்சு சூடாக்கி ஒட்டிக் குடுக்குற வேலைதான், அதனால "லெமினேட் மரத்துல போர்க்கப்பல் கட்டினாங்க"ன்னு வாசிக்கிற பிள்ளைங்க பலகைக்கு மேல பிளாஸ்டிக் ஒட்டின கப்பல்னு எடுத்துக்குதுங்க. சொல்லோட வேரைப் பாத்தா குழப்பம் போயிரும். லத்தீன்ல லாமினான்னா மெல்லிசான தகடு, ஏடு. மெல்லிய பலகைகளை ஒன்னுமேல ஒன்னா அடுக்கி, பசை போட்டு இறுக்கி ஒரே மரமாக்குறதுதான் லெமினேட்டட் மரம். 'க்ளூ'வையும் 'லெமினேட்டட்'டையும் சுருக்கி 'குளூலம்'னும் சொல்லுவாங்க.

இதுக்கு ஒட்டுப்பலகைன்னு தமிழ் போடுறவங்க இருக்காங்க, எனக்கு அது சரியா படல. ஒட்டுப்பலகை பிளைவுட்டுக்கு நின்னுபோன சொல். நம்ம ஃபேக்டரிகள்ல முன்னாடி தூள் அடைச்ச தேயிலைப் பெட்டி பிளைவுட்தான், உடைஞ்ச ஓரத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒரு ஏட்டோட நார் நெடுக்க போனா அடுத்த ஏட்டோட நார் குறுக்க போகும். குளூலத்துல எல்லாப் பலகையோட நாரும் நெடுக்கவே ஓடுது, ஏட்டுக்குப் பதிலா நிஜப் பலகையே அடுக்குறாங்க. அதனாலதான் அது பாரம் தாங்குற விட்டமா, சட்டமா நிக்குது. அடுக்கும் ஒட்டும் ரெண்டும் சொல்லுல தெரியணும், ஆக ஒட்டடுக்கு மரம்.

1906ல ஜெர்மனியில வைமார் ஊர்க்காரர் ஓட்டோ ஹெட்சர் வளைஞ்ச ஒட்டடுக்கு மரத்துக்கு காப்புரிமை எடுத்தாரு. அப்ப பாவிச்சது பால்ல இருந்து எடுக்குற கேசீன் பசை, கூரைக்குப் போதும், கடல் ஈரத்துக்கு நிக்காது. கப்பலுக்கு வழி திறந்தது 1940கள்ல வந்த ரிசோர்சினால் பசை. கொதிதண்ணியில போட்டாலும் விடாது, ஒட்டின கோடு கருஞ்சிவப்பா தெரியும்.

கப்பல்காரங்களுக்கு இது ஏன் அவ்வளவு பெருசுன்னா, பழைய மரக்கப்பலோட விலாச்சட்டத்துக்கு, தமிழ்ல வங்குன்னு சொல்றது, இயற்கையாவே வளைஞ்சு வளந்த மரத்தைத் தேடணும். திருகோணமலைங்கிற பேருல பிரித்தானிய கடற்படைக்கு 1817ல பம்பாயில கட்டின போர்க்கப்பல் முழுத் தேக்கு, இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதக்குது, ஆனா அப்படிப்பட்ட மரம் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும்? முழுத்தடி உள்ள காயறதுக்கு வருசக்கணக்காகும், காயும்போதே வெடிக்கும். மெல்லிய பலகை சீக்கிரம் காயும், முடிச்சு, வெடிப்பு உள்ள துண்டை வெட்டி ஒதுக்கலாம், நுனியை சரிவா சீவி ஒன்னோட ஒன்னு ஒட்டி எவ்வளவு நீளமும் எடுக்கலாம், அச்சுல வளைச்சு இறுக்கி பசை காயவிட்டா வளைவு அப்படியே நின்னுரும்.

இரும்பு இருக்கும்போது மரம் எதுக்குன்னு கேப்பாங்க. கடல்ல போடுற காந்தக் கண்ணிவெடி, மேல வர்ற கப்பலோட இரும்பால காந்தப்புலம் மாறுறத உணர்ந்து வெடிக்கிறது. கொரியப் போர்ல 1950 ஒக்டோபர் 12, வொன்சான் துறைமுகத்துக்கு வழி சுத்தம் பண்ணப் போன பைரேட், பிளெட்ஜ்னு ரெண்டு அமெரிக்க கண்ணிவாரிக் கப்பல் ஒரே நாள்ல கண்ணிவெடியில மூழ்கிருச்சு, ரெண்டும் இரும்பு உடம்பு. அதுக்குப் பிறகுதான் 52 மீட்டர் நீளமான ஒட்டடுக்கு மரக் கண்ணிவாரிகளை அமெரிக்கா வரிசையா கட்டுச்சு, என்ஜின்கூட காந்தம் பிடிக்காத உலோகத்துல. 1987ல இருந்து சேவைக்கு வந்த அவெஞ்சர் வகை இன்னும் பெருசு, 68 மீட்டர், மொத்தம் 14 கப்பல், ஓக், டக்லஸ் ஃபர், அலாஸ்கா சீடர் மரத்துல உடம்பு, அதுக்கு வெளிய ஃபைபர் கிளாஸ் போர்வை.

எழுதுறவங்க இப்படிப் பாவிக்கலாம்: பொருளுக்கு ஒட்டடுக்கு மரம், கட்டடத்துல போட்டா ஒட்டடுக்கு விட்டம், கப்பல்ல விலாவுக்கு ஒட்டடுக்கு வங்கு, அடியில நெடுக்க ஓடுற கட்டைக்கு ஒட்டடுக்கு ஏரா. ஏராவும் வங்கும் நம்ம மரக்கலக்காரங்க கையாளுற சொல்லுங்கதான், புதுசா ஒன்னும் உண்டாக்கத் தேவையில்ல. பிளைவுட்டுக்கு ஒட்டுப்பலகையை அப்படியே விட்டுரலாம்.