நாயை மல்லாக்கத் தள்ளாதீர்கள், ஓநாய்கூட அதைச் செய்யாது

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தம்பி ஹஸ்கி நாயோடு கிளினிக்குக்கு வந்தான். நாய்க்கு ஒன்றுமில்லை. அவனுக்குத்தான் வலது கையில் கட்டு, கட்டை விரலுக்குக் கீழே நான்கு தையல். இது இனிமேல் கடிக்காமல் இருக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டான். விசாரித்தால், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனபோது உறுமியதாம், உடனே கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி, அடங்கும்வரை அமுக்கி வைத்திருக்கிறான். "இது ஓநாய் ரத்தம் டாக்டர், நாமதான் ஆல்ஃபான்னு, அதாவது கூட்டத்துத் தலைவன்னு காட்டணும், இல்லைன்னா தலைமேல ஏறிடும்." எல்லாம் கைப்பேசியில் பார்த்த வீடியோ.

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் நாய், பூனை, ஆடு, மாடு என்று வைத்தியம் பார்க்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. சொந்த நாயிடம் கடி வாங்கிக்கொண்டு அதே நாயை இழுத்து வருகிறவர்களில் பலர் இந்த ஆல்ஃபா கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒன்றையொன்று விரட்டின, கடித்தன, மேலே யார் கீழே யார் என்று ஓயாமல் சண்டை. பத்துத் தோட்டத்திலிருந்து பத்து அந்நியர்களைப் பிடித்து ஒரே லயத்து வீட்டுக்குள் பூட்டிவிட்டு, தமிழ்க் குடும்பம் இப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று எழுதினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் இந்த எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் அவரே கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைக்குக் கோடை காட்டு ஓநாய்க் கூட்டத்தோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் நான் சொன்னது சரியில்லை என்று எழுதினார். தன் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தும் 2022இல்தான் நிறுத்தினார்கள். தான் எழுதியதைத் தானே எதிர்த்து இவ்வளவு வருடம் மல்லுக்கட்டிய மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் பார்த்தது என்ன? கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் இந்த வருடக் குட்டிகள், முந்தின வருடத்து அண்ணன் அக்காக்கள். அவ்வளவுதான். பெரியவை முன்னால் போகும், சின்னவை பின்னால் போகும், இதற்கு யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. வேட்டைக்குப் போய் வந்த ஓநாயின் வாயோரத்தைக் குட்டிகள் நக்கும், அது விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். அண்ணன் அக்காக்களும் கொடுக்கும். உங்கள் நாய் நீங்கள் வேலை முடிந்து வந்ததும் எம்பி எம்பி முகத்தை நக்குகிறதே, அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் அது. இரண்டு மூன்று வயதுக்குள் பிள்ளைகள் துணை தேடி வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். சினிமாவில் பெரிய வீரனாகக் காட்டுகிற 'தனி ஓநாய்' பெரும்பாலும் துணை தேடி அலைகிற இளவட்டம்தான்.

மல்லாந்து படுப்பது ஓநாய்களிடம் உண்டு. ஆனால் சின்னது தானாகப் படுத்து வயிற்றைக் காட்டும். பிடித்து அமுக்குவது பெரும்பாலும் நிஜச் சண்டையில்தான். பக்கத்துக் கூட்டத்தோடு எல்லைத் தகராறு வந்தால் ஓநாய்கள் கொல்லவும் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் அமுக்கும்போது நாய்க்கு 'முதலாளி பாடம் நடத்துகிறார்' என்று தோன்றாது, உயிர் போகப்போகிறது என்றுதான் தோன்றும். கடிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று, நாய் ஓநாய் இல்லை. பதினான்காயிரம் வருடத்துக்கு முன்பே மனிதரோடு சேர்த்துப் புதைத்த நாய் ஜெர்மனியில் கிடைத்திருக்கிறது, அவ்வளவு பழைய உறவு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் பொதுவாக இரண்டு பிரதிதான், நாய்களிடம் பல மடங்கு இருப்பதை 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தோட்டத்து நாய் சோறும் பருப்பும் தின்று வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2003இல் ஹங்கேரியில் கைவளர்ப்பு ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் திறக்கவே முடியாத பெட்டியில் இறைச்சி வைத்துக் கொடுத்தார்கள். ஓநாய்கள் பெட்டியோடே போராடிக்கொண்டிருந்தன. நாய்கள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தன. உதவி கேட்டு முகத்தைப் பார்க்கிற பிராணியின் கழுத்தையா பிடிப்பது!

(நம் நாட்டுக் காட்டில் ஓநாயே கிடையாது. இருப்பது செந்நாய், அதுவும் அருகிக்கொண்டே போகிறது. செம்பனைக் காட்டிலிருந்து 'ஓநாய்' வந்து கோழியைத் தூக்கிவிட்டது என்று ஒட்டுக்கடையில் பேசிக்கொள்வது எங்கள் ஊர்த் தெருநாய்களைப் பற்றித்தான்.)

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது தகவல், அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்னாலேயே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும், உடம்பு விறைத்து அப்படியே நிற்கும். அப்போதே பின்வாங்குங்கள். தட்டில் கை வைப்பதற்குப் பதில், தள்ளி நின்று ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள், தினமும். மனிதர் பக்கத்தில் வந்தால் சாப்பாடு கூடும், குறையாது என்று அதற்குப் புரிய வேண்டும்.

கடித்துவிட்டால், யார் வீட்டு நாயாக இருந்தாலும் சரி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். 2015இல் நம் கெடாவிலும் பெர்லிஸ், பினாங்கிலும் வெறிநோய் மறுபடி தலைகாட்டியது, 2017இல் சரவாக்கில் தொடங்கியது மனித உயிர்களையும் எடுத்தது. ஓநாய் மனிதரைத் தாக்கிய பழைய சம்பவங்களில்கூடப் பெரும் பங்கு வெறிநோய் பிடித்த ஓநாய்கள்தான்.

அந்தத் தம்பி போன மாதம் தடுப்பூசிக்கு வந்தான். தையல் போட்ட இடத்தில் வெள்ளையாகத் தழும்பு. இப்போதெல்லாம் அமுக்குவதில்லையாம். ஹஸ்கி மேசைமேல் ஏற மாட்டேன் என்று நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டது. அவன் வழக்கம்போலக் கழுத்துப் பட்டைக்குக் கை நீட்டிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டான். சரி என்று நானே தரையில் உட்கார்ந்து, அது எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து ஊசியைப் போட்டேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆனது, வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.