எரிவாயு பாய்லரைக் கழற்றும் முன்: 7,500 பவுண்டு மானியத்தில் எங்கெல்லாம் சிக்குவீர்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு 2022 மே முதல் 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்' என்ற பெயரில் மானியம் வழங்கப்படுகிறது. வெளிக்காற்றின் வெப்பத்தைக் கொண்டு நீரைச் சூடாக்கும் வகைக்கு முதலில் 5,000 பவுண்டாக இருந்த தொகை, 2023 அக்டோபரில் 7,500 ஆனது. பின்னணி இவ்வளவு போதும்.

இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. இத்தகைய கருவிகளைப் பொருத்துவோருக்குத் தரச்சான்று வழங்கும் எம்.சி.எஸ். அமைப்பிடம் சான்று பெற்ற நிறுவனம்தான், ஆற்றல் துறை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் விண்ணப்பிக்க வேண்டும். தொகையும் அந்த நிறுவனத்துக்கே போய், உங்கள் பில்லில் கழிக்கப்படும். ஆகவே, "முழுத்தொகையையும் இப்போது கட்டுங்கள், மானியம் பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்" என்று வாசலில் வந்து சொல்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். விலைப்புள்ளியில் மானியக் கழிவு தனி வரியாக இருக்க வேண்டும். சான்று வைத்திருக்கும் நிறுவனமும் நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனமும் ஒன்றுதானா என்பதை எம்.சி.எஸ். இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பதாரர் நிறுவனம் என்பதால், வீட்டுக்காரர் வெறுமனே சம்மதம் சொல்பவராகிவிடுகிறார். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்டாலும் நிறுவனத்தின் வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தச் சம்மதம் கேட்டு ஆஃப்ஜெம் அனுப்பும் மின்னஞ்சல்தான். வீடு தந்தையின் பெயரில் இருக்கும், ஓடியாடி ஏற்பாடு செய்பவர் மகனாக இருப்பார், படிவத்திலோ அப்பா என்றைக்கோ தொடங்கிப் பிறகு திறந்தே பார்க்காத முகவரி இருக்கும். மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்க, பதில் போகாததால் விண்ணப்பம் வீணாகும். உரிமையாளர் தினமும் பார்க்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மானியத்துக்கு ஒப்புதலாக ஆஃப்ஜெம் தரும் வவுச்சர் கிடைத்த பிறகும், வேலையை முடித்து மானியத்தைக் கோரக் காற்று வகைக்கு மூன்று மாதம்தான் கெடு. வேலையைத் தள்ளிப்போடும் நிறுவனத்திடம் அந்தத் தேதியை எழுத்தில் நினைவூட்டுங்கள்.

"மாடிக்கூரைக்கும் சுவருக்கும் இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பூச்சு அல்லது அடுக்கு) போட்டால்தான் மானியம்" என்று சொல்லி, அந்த வேலையையும் தங்களிடமே செய்யச் சொல்பவர்கள் உண்டு. வீட்டின் ஆற்றல் திறனை மதிப்பிடும் ஆற்றல் சான்றிதழில் பரிந்துரைக்கப்பட்ட அந்த இன்சுலேஷனை முதலில் முடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2024 மே மாதத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்சுலேஷன் நல்லதுதான், ஆனால் அது மானியத்துக்கு நிபந்தனை அல்ல.

வாடகைக்கு இருப்பவர் மானியம் கோர முடியாது, வீட்டு உரிமையாளர் கோரலாம். கவுன்சில் வீடுகளுக்கும், கட்டுமான நிறுவனம் கட்டி விற்கும் புதுவீடுகளுக்கும் இது கிடையாது. பழைய ஹீட் பம்பை எடுத்துவிட்டுப் புதியது வைத்தாலும் கிடைக்காது. எரிவாயு பாய்லரை "குளிருக்குத் துணையாக இருக்கட்டும்" என்று விட்டுவைக்கவும் முடியாது.

தகுதி இருப்பதாலேயே மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. மின்சாரத்தின் ஒரு யூனிட் விலை எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நன்றாகத் திட்டமிட்டுப் பொருத்திய ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் தரும். திட்டமில்லாமல் பொருத்தியது அதற்கும் கீழே போகும், பில் முன்பைவிட ஏறும். ரேடியேட்டருக்குப் போகும் நீர் எவ்வளவு குறைந்த சூட்டில் வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது என்பதைப் பொறுத்ததே இந்தக் கணக்கு. 55 பாகைக்குப் பதில் 45 பாகை போதுமென்றால் செலவு குறையும், ஆனால் அதற்குச் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். எனவே ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, எத்தனை பாகைக்கு வடிவமைக்கிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். படுக்கையறைகளை மட்டும் எண்ணிவிட்டு விலை சொல்பவர் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. தொட்டியில் சேமிக்காமல் தேவைப்படும்போதே வெந்நீர் தரும் காம்பி பாய்லர் உள்ள வீடுகளில் வெந்நீர்த் தொட்டிக்கு இடம் எங்கே என்பதையும் அப்போதே கேளுங்கள். அந்த இடத்துக்காகத் துணி அலமாரியைக் காலிசெய்ய நேரலாம். நீண்டகாலக் குத்தகை உரிமையில் வாங்கிய லீஸ்ஹோல்ட் அடுக்குமாடி என்றால், அளவெடுக்கக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பழைய பாய்லரை, அதன் பெயர்ப்பலகை தெரியும்படி, கழற்றும் முன் படமெடுத்து வைக்கவும். வேலை முடிந்தபின் எம்.சி.எஸ். சான்றிதழ் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்க முடியுமாறு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவும்.