டப்பிங்: மறுகுரல், மொழிமாற்று, இதழியைபு

தமிழ்த் திரையுலகில் 'டப்பிங்' என்னும் ஒரே சொல் இரண்டு வேறு வேலைகளைச் சுமக்கிறது. தமிழ்ப் படமொன்றில் நடித்தவர் படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, திரையில் தம் உருவத்தைப் பார்த்தபடி தம் வசனத்தையே மீண்டும் பேசுவதும் டப்பிங்தான்; வேற்றுமொழிப் படத்தின் உரையாடலைத் தமிழாக்கி, அதில் நடிக்காத ஒருவர் பேசுவதும் டப்பிங்தான். முன்னதில் மொழி மாறுவதில்லை, ஆள்கூட மாற வேண்டியதில்லை. பின்னதில் இரண்டும் மாறிவிடுகின்றன. ஆகவே 'டப்பிங் என்றால் மொழிமாற்று' என்று சொல்லி முடித்துவிடுவது பாதி விளக்கம்தான்.

'இரட்டை' எனப் பொருள்படும் 'டபுள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே 'டப்'. பேசும்படங்கள் பரவத் தொடங்கிய 1920களின் இறுதியில், ஒரு பதிவிலுள்ள ஒலியை இன்னொரு பதிவில் ஏற்றுவதற்கும், படத்தோடு வேறு ஒலியை இணைப்பதற்கும் இது வழங்கலாயிற்று. ஒருவருக்கு வீரப்பட்டம் சூட்டுவதைக் குறிக்கும் பழைய 'டப்' எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் பிறப்பில் வேறானது. பிரெஞ்சின் 'தூப்லாஜ்', ஸ்பானிய மொழியின் 'தோப்லாஹே', இத்தாலியத்தின் 'தொப்பியாஜ்ஜோ' ஆகிய மூன்றும் இரட்டிப்பதையே சொல்கின்றன. ஜெர்மானியர் மட்டும் 'ஸின்க்ரோனிஸாட்ஸியோன்' என்பர். 'உடன்', 'காலம்' என்னும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த அது, ஒலியும் காட்சியும் ஒரே கணத்தில் நிகழ்வதைப் பெயராக்கியது. ஒரு சாரார் இரண்டாவது குரலைப் பார்த்தார்கள். மறு சாரார் நேரப் பொருத்தத்தைப் பார்த்தார்கள்.

இந்த இரண்டு பார்வைகளும் எங்கே பிரிகின்றன என்பதை வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' தெளிவாகக் காட்டும். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அந்த முழுநீள இசைச் சித்திரப்படத்தில், நாயகிக்காகப் பேசியவரும் பாடியவரும் அட்ரியானா கசலோட்டி. அவர் பெயரைப் படத்தின் தலைப்பு அட்டைகளில் காண முடியாது. சித்திரப்படத்தில் குரல் முதலில் பதிவாகி, அதைக் கேட்டுத்தான் வாயசைவு வரையப்படுகிறது என்பதால், மூலப் படத்தில் குரலைப் பின்தொடர்வது ஓவியமே. வேற்றுமொழிப் பதிப்பில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வரைந்து முடித்த உதடுகளுக்குப் பின்னால் புதிய குரல் ஓட வேண்டியிருக்கிறது.

குரலோடும் வேலை நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் திறக்கும் கதைப்புத்தகத்தின் பக்கங்களும், கட்டில்களில் செதுக்கப்பட்ட குள்ளர்களின் பெயர்களும் அயல்மொழிப் பதிப்புகளுக்காக மாற்றப்பட்டன. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் குள்ளர்களுக்குப் பெயரே இல்லை. படம்தான் ஒவ்வொருவருக்கும் குணத்தை வைத்துப் பெயரிட்டது. எனவே பெயரை ஒலிபெயர்த்தால் போதாது, பொருளும் வந்தாக வேண்டும். பிரெஞ்சில் தும்மல்காரருக்கு, தும்மும் ஓசையையே கொண்டு 'ஆட்சூம்' என்று பெயர் வைத்தார்கள். மூலத்தைவிட இதுவே எனக்குச் சுவையாகத் தோன்றுகிறது.

கதையின் தாய்மொழியான ஜெர்மனுக்குப் படம் திரும்பிய வரலாறு துயரமானது. முதல் ஜெர்மன் குரல்பதிவு 1938இல் நாஜி ஆட்சியிலிருந்த ஜெர்மனியில் நடைபெறாமல் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்றது. அதை நெறிப்படுத்திய குர்ட் கெரோனும், தீய அரசிக்குக் குரல் தந்த டோரா கெர்சனும் யூதர்கள். ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள். கெர்சன் 1943இலும் கெரோன் 1944இலும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டனர். அந்தப் பதிப்பு மேற்கு ஜெர்மனியின் திரையரங்குகளுக்கு 1950இல்தான் வந்தது. பிறகு 1966இலும் 1994இலும் ஜெர்மனில் புதிதாகக் குரல் பதிந்தார்கள். பிரெஞ்சிலும் 1938, 1962, 2001 என மூன்று பதிப்புகள் உண்டு. மொழி மாறாமலே குரல் மட்டும் மாறிக்கொண்டிருக்கும் இந்த மறுபதிப்புகளை 'மொழிமாற்று' என்னும் சொல்லால் வேறுபடுத்திக் காட்ட இயலாது.

தமிழில் வழங்கும் நிகரன்களை இனி எடை போடலாம். 'மொழிமாற்றுப் படம்' என்பது படத்தைக் குறிக்க நல்ல சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. கன்னட 'சத்திய ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து ஏ. வி. மெய்யப்பன் 1944இல் வெளியிட்ட 'ஹரிச்சந்திரா' முதல் இன்றுவரை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 'ஒலிச்சேர்க்கை' என்பது இசை, காலடியோசை, கதவு சாத்தும் ஓசை ஆகியவற்றைக் கலப்பதையும் நினைவூட்டி மயக்கம் தருகிறது. டப்பிங்கில் இசையும் ஓசைகளும் பெரும்பாலும் அப்படியே இருக்க, குரல்தடம் ஒன்றே மாறுகிறது. 'பின்னணிக் குரல்' செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது என்றாலும், திரைக்குப் பின்னிருந்து கதை சொல்பவரின் குரலையும் அதுவே குறிக்கிறது. ஆகவே செயலுக்கு 'மறுகுரல்' என்பதையே நான் தேர்வேன். 'மறு' என்பதில் 'மீண்டும்', 'மற்றொரு' என்னும் இரண்டு பொருளும் இருப்பதால், தம் வசனத்தையே மீண்டும் பேசும் நடிகருக்கும், பிறருக்காகப் பேசும் கலைஞருக்கும் அது ஒருங்கே பொருந்தும். 'மறுகுரல் கொடுத்தார்', 'மறுகுரல் கலைஞர்' என்று வழங்குவதிலும் இடர்ப்பாடு இல்லை. பாட்டுப் படத்துக்கு அது இன்னும் பொருத்தம். பழந்தமிழிசையில் ஏழு சுரங்களுள் முதலாவதன் பெயரே 'குரல்'.

ஜெர்மானியர் கண்ட நேரப் பொருத்தத்துக்கும் தமிழில் இடம் உண்டு. முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்பதைச் சொல்கிறது. அதர் என்றால் வழி. வசனத்தை வாயசைவு வகுத்த வழியிலேயே நடத்திச் செல்பவருக்கு அந்தத் தொடர் எதிர்பாராத வகையில் பொருந்திவிடுகிறது. அதே நூலின் பிறப்பியல் பகார மகாரங்கள் 'இதழ் இயைந்து' பிறக்கும் என்று கூறுவதால், 'லிப் சிங்க்' என்பதற்கு 'இதழியைபு' என்று சொல்லலாம். திரையில் உதடு மூடும்போது ப, ம இவற்றுள் ஒன்று வந்தாக வேண்டும். உதடு திறந்தே இருக்கும்போது அவை வரக்கூடாது. உதடு ஒட்டாத எழுத்துகளால் மட்டுமே நிரோட்டகம் பாடிய புலவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதாக இருந்திராது. முதுகைக் காட்டி நிற்கும் பாத்திரத்துக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. வாயசைவுக்குள் அடங்காமல் மிஞ்சிய சொற்களையெல்லாம் மறுகுரல் எழுதுபவர் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்.