வாரண்ட் என்றால் பிடியாணை மட்டும்தானா?

2024 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், கண்காணிப்புச் சட்டம் ஒன்றைக் கட்டுப்படுத்த வந்த ஒரு திருத்தத்துக்கு ஆதரவாக 212, எதிராக 212 வாக்குகள் விழுந்தன. சமநிலை என்றால் திருத்தம் தோற்றதாகக் கணக்கு. அந்தச் செய்தியைத் தமிழில் படித்துவிட்டு மாமா என்னிடம் கேட்டார்: “கைது பண்ணப் போறதில்ல, சும்மா கண்காணிக்கத்தானே போறாங்க. இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு சண்டை?”

அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் ‘வாரண்ட் இல்லாமல்’ என்பதை ‘பிடியாணையின்றிக் கண்காணிக்கும் சட்டம் நீட்டிப்பு’ என்று போட்டிருந்தால் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? பிடியாணை என்றதுமே நம் மனதில் விலங்கும் போலீஸ் வண்டியும் வந்து நிற்கின்றன. பிடியாணை இல்லை என்றால் ஆளைப் பிடிக்கவில்லை, விட்டுவைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. அரசின் கை நீண்டதைச் சொல்ல வந்த செய்தி, அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலக் காதில் விழுகிறது. இந்த மொழிபெயர்ப்பைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் வேர். வாரண்ட், ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆதிப் பொருள் காவல், காப்பவர். பிரான்சின் வட பகுதியில் ‘வ’ என்று ஒலித்தது மற்ற பகுதியில் ‘க’ என்று ஒலித்ததால், ஒரே வேர் இரண்டாகக் கிளைத்தது. கடையில் நாம் கேட்கும் வாரண்டியும் கேரண்டியும் அந்த வேரில் வந்தவைதான். வாரண்ட் என்பது, அதைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்குக் கவசம். அது இல்லாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் அத்துமீறியவர், இருந்தால் சட்டம் அவரைக் காக்கும்.

இந்த உறவைப் பிடித்துக்கொண்டு ‘உத்தரவாதமற்ற கண்காணிப்பு’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இயந்திரம் மொழிபெயர்த்திருக்கலாம், மனிதர் மேலோட்டமாகப் பார்த்து விட்டிருக்கலாம். வேரில் உறவு இருப்பது உண்மை. ஆனால் படிப்பவருக்கு என்ன தெரியும்? கேமரா வேலை செய்யுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றுதான் தோன்றும்.

பிடியாணைக்கு வருவோம். அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. ‘பிடி’ என்பது ஆளை மட்டும் குறிப்பதில்லை, மீன் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், ஒலியையும் பிடிக்கலாம், ஆகவே பிடியாணை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்கிறார்கள். அகராதிப்படி சரி, வழக்குப்படி இல்லை. பிடிவாரண்ட் என்ற கலப்புச் சொல் செய்தித்தாள்களில் ஊறி, ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட்’ என்று தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்த பிறகு, அந்தப் ‘பிடி’க்குக் கைது தவிர வேறு பொருள் மிச்சமில்லை. கைதுக்கு அது மிக நல்ல சொல். நீதிமன்றம் கூப்பிட்டால் அழைப்பாணை, பிடித்து வரச் சொன்னால் பிடியாணை, வீட்டைச் சோதிக்கச் சொன்னால் சோதனை ஆணை. மூன்றும் தெளிவாகத் தனித்தனியே நிற்கின்றன. நன்றாக இருக்கும் இந்த ஒழுங்கை ஏன் கலைக்க வேண்டும்?

அமெரிக்காவில் இந்தச் சண்டையின் மூலமே கைது அல்ல, சோதனைதான். 1762இல் லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் மன்னரின் ஆட்கள் புகுந்து, நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அமைச்சர் கொடுத்த வாரண்ட் அவர்கள் கையில் இருந்தது. அப்படி ஒரு வாரண்ட் கொடுக்க அமைச்சருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று 1765இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களில் சுங்க அதிகாரிகள் இன்ன வீடு, இன்ன பொருள் என்று குறிப்பிடாத பொது ஆணையை வைத்துக்கொண்டு எங்கும் நுழைந்தார்கள். அந்தக் கசப்பில் பிறந்ததுதான் 1791இல் நடைமுறைக்கு வந்த நான்காவது அரசியலமைப்புத் திருத்தம். தக்க காரணம் இருக்க வேண்டும், அதைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும், சோதிக்கும் இடத்தையும் பிடிக்கும் ஆளையோ பொருளையோ குறிப்பிட வேண்டும். இவை இல்லாமல் வாரண்ட் கிடையாது.

1967இல் வந்த காட்ஸ் வழக்கைப் பாருங்கள். பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறத்தில் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தியது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை, எந்தப் பொருளையும் எடுக்கவில்லை. குரலைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அதற்கும் முன்கூட்டியே வாரண்ட் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இங்கே பிடியாணை என்று எழுதினால் அந்தத் தீர்ப்பின் உயிரே போய்விடும்.

சரி, ‘ஆணையற்ற கண்காணிப்பு’ என்று சுருக்கினால்? அது தகவல் பிழை. 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய ஒட்டுக்கேட்பு, அதிபர் புஷ்ஷின் ஆணைப்படிதான் நடந்தது. அங்கே ஆணைக்குப் பஞ்சமே இல்லை, நீதிபதி மட்டும்தான் இல்லை. யாருடைய ஆணை என்பதை விட்டுவிட்டால் விஷயத்தையே விட்டதாகிவிடும்.

‘நீதிமன்ற ஆணையற்ற’ என்பது பரவாயில்லை, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2008இல் வந்த வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத் திருத்தத்தின் 702ஆம் பிரிவு, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரின் மின்னஞ்சல்களையும் அழைப்புகளையும் சேகரிக்க அனுமதிக்கிறது. அதற்கென்று இருக்கும் ரகசிய நீதிமன்றம் திட்டத்தின் விதிமுறைகளை ஆண்டுதோறும் பார்த்து ஒப்புதல் தருகிறது. ஆக, நீதிமன்றம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. இன்ன ஆளை, இன்ன காரணத்துக்காக என்று ஆள் ஆளாக நீதிபதி முன் போய் நிற்பதுதான் இல்லை. அந்த வெளிநாட்டவரோடு பேசிய அமெரிக்கரின் பேச்சும் அதே குவியலில் விழுகிறது. பிறகு அந்த அமெரிக்கரின் பெயரைப் போட்டுக் குவியலில் தேடுகிறார்கள். அப்படித் தேடும் முன் நீதிபதியிடம் போ என்றதுதான் 212-க்கு 212 என்று தோற்ற திருத்தம். அது போன கையோடு, 273-க்கு 147 என்ற கணக்கில் சபை சட்டத்தை நீட்டித்தது. செனட்டில் 60-க்கு 34.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘நீதிபதியின் அனுமதியாணை’. செய்தித் தலைப்பில் ‘நீதிபதி அனுமதியின்றி வேவு’ என்றால் போதும். 702 போன்ற இடத்தில் ‘ஆள் குறித்த அனுமதியாணை’ என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொள்ளலாம். அனுமதி வடசொல், ‘இசைவாணை’ என்று எழுது என்கிறார் நண்பர் ஒருவர். தூய தமிழ் மேல் எனக்கும் பிடிப்பு உண்டு. ஆனால் இசைவு என்றால் கண்காணிக்கப்படுபவரே சம்மதித்தார் என்று யாரோ ஒருவர் படிக்கக்கூடும். இந்த விஷயத்தில் அதைவிட மோசமான பிழை கிடையாது. இங்கே தெளிவுக்குத்தான் என் வாக்கு.

வேரின் பழைய பொருளை நினைவில் வைத்தால் இன்னொன்றும் விளங்கும். ஒட்டுக்கேட்க உதவிய தொலைபேசி நிறுவனங்கள் மேல் வழக்குகள் குவிந்தன. 2008 ஜூலையில் செனட் 69-க்கு 28 என்று நிறைவேற்றிய அதே சட்டம் அந்த நிறுவனங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அப்போது செனட்டராக இருந்த ஒபாமாவும் ஆதரித்து வாக்களித்தார். அதாவது நீதிபதியின் காகிதம் இல்லாமலே, அந்தக் காகிதம் தரும் கவசத்தை மட்டும் கொடுத்துவிட்டார்கள். உத்தரவாதமற்றது என்று எழுதியவர் கவனிக்க வேண்டும். உத்தரவாதம் இருந்தது, நிறுவனங்களுக்கு.

இதே செய்திகளில் இன்னொரு கொடுமை, குடிமைச் சுதந்திரங்களைக் ‘குடியுரிமை’ என்று எழுதுவது. குடியுரிமை என்றால் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. ‘அமெரிக்காவில் குடியுரிமை பறிபோகும் அபாயம்’ என்று படிப்பவர் பாஸ்போர்ட்டைப் பிடுங்குகிறார்கள் என்றுதான் நினைப்பார். பேச, எழுத, கூட, தனிமையில் இருக்க உள்ள சுதந்திரங்களை அல்லவா சொல்ல வந்தது? ‘சுதந்திரங்களின் அரிப்பு’ என்று எழுதுவதும் வேண்டாம். மண்ணரிப்பு வேறு. உரிமை தேய்கிறது என்று சொல்ல நமக்குத் தெரியும். கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

மாமாவுக்கு அந்த வாக்கியத்தை மாற்றிப் படித்துக் காட்டினேன்: ‘அமெரிக்கர்களின் பேச்சை நீதிபதியின் அனுமதியாணை இல்லாமல் தேடிப் பார்க்கலாம், தடுக்க வந்த திருத்தம் சமவாக்கில் தோற்றது.’ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஒரே ஒரு ஓட்டா?”