மின்சாரக் கார் வாங்கியாச்சா? முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மின்சாரக் கார் கொண்டுவருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஹைவேல ஃபாஸ்ட் சார்ஜர்ல போடறமே, மழைல கன்ன புடிச்சா ஷாக் அடிக்காதா?" கன் என்றால் சார்ஜர் கேபிளின் முனையில் காரில் செருகும் பகுதி. பயம் நியாயமானது. காரின் பேட்டரி பொதுவாக 300 முதல் 400 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்), ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 மாதிரி வண்டிகளில் 800 வோல்ட் ரகம். டிசியில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே எங்கள் தொழிலில் அது ஆபத்துக் கணக்கு. ஆனால் எங்களிடம் பிளக் கருகி, சார்ஜர் பெட்டி உருகி வருகிறவை பெரும்பாலும் வீட்டில் சார்ஜ் போட்ட வண்டிகள்தான். பயம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது.

ஃபாஸ்ட் சார்ஜரின் கன்னைச் செருகியதும் அதில் கரண்ட் வந்துவிடாது. முதலில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும், கன் லாக் ஆகும், பிறகு கேபிளில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று சார்ஜர் இன்சுலேஷனைச் சோதிக்கும், எல்லாம் சரியாக இருந்தால்தான் காருக்குள் பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் 'டக்'கென்று மூடும். இதில் ஒன்று தவறினாலும் சார்ஜ் தொடங்காது, நடுவில் தவறினால் அங்கேயே நின்றுவிடும். அதனால் தூறலில் சார்ஜ் போடுவதற்குப் பயப்பட வேண்டாம், கன்னின் பின்களில் சேறோ கருகலோ விரிசலோ இருந்தால் மட்டும் அதைத் தொடாமல் அடுத்த கன்னுக்குப் போங்கள். சார்ஜ் முடிந்தும் கன் வரவில்லை என்றால் ஸ்டாப் கொடுத்து காரை அன்லாக் செய்யுங்கள், இழுத்துப் பிடுங்காதீர்கள்.

இன்னொரு புகார் கோடையில் தினமும் வரும். "60 கிலோவாட்னு போர்டு வச்சிருக்கான், 30 கூட ஏறல." சென்னையிலிருந்து 140 கிலோமீட்டர் நிற்காமல் விரட்டிக்கொண்டு வருகிறீர்கள், வெளியே வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பேட்டரி கொதித்துப்போய் இருக்கும், செல்களைக் காப்பாற்ற காரே ஆம்பியரைக் குறைத்துக் கேட்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுவதும் அதனால்தான், செல்லின் வோல்டேஜ் உச்சத்தை நெருங்கிவிடும். 80-இல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், பின்னால் நிற்கிறவருக்கும் நல்லது.

சரி, வீட்டுக்கு வருவோம். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் பாயிண்டில் சுமார் 3 கிலோவாட் இழுக்கும், அதாவது ஏறக்குறைய 13 ஆம்பியர். கீசரும் அவ்வளவு இழுக்கிறதே என்பார்கள். கீசர் அரை மணியில் கட் ஆகிவிடும், கார் விடிய விடிய இழுக்கும். பழைய வீட்டு வயரிங், தளர்ந்துபோன சாக்கெட், இவை போதாது என்று மாடியிலிருந்து தொங்கவிட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், அல்லது சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால், மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அன்றோடு அந்தப் பாயிண்டை நிறுத்துங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், லோடு மிஞ்சினால் கட் ஆகும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவ்வளவும் செய்தாலும் காரின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது எர்த் விஷயம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார்: "சார்ஜர்ல எர்த் லைட்டு செவப்பா எரிஞ்சிது சார், எலக்ட்ரீசியன் வந்து சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலயும் எர்த்தயும் லூப் பண்ணி விட்டாரு, இப்ப சூப்பரா ஏறுது." எர்த் சரியில்லை என்று காட்டிய சிவப்பு விளக்கு, நியூட்ரலையும் எர்த்தையும் வயரால் இணைத்ததும் அணைந்தது, ஆபத்து அணையவில்லை. காற்றடித்தோ கனெக்‌ஷன் தளர்ந்தோ நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஃபேன் வழியாகவே ஃபேஸ் அந்த லூப்பில் ஏறி, எர்த் பின்னுக்கும் அங்கிருந்து காரின் பாடிக்கும் வந்துவிடும். கார் நிற்பதோ ரப்பர் டயரில், அந்தக் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில், ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுகிற பிள்ளைக்குத்தான் அந்த 230 வோல்ட். நம் ஊர்ப் பாறை மண்ணில் கோடையில் எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் புதைத்த குழி) காய்ந்து வேலை செய்யாமல் போவது சகஜம். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், போதாவிட்டால் புதிதாகப் போடுங்கள், எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். லூப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு பல ஊர்களில் நடந்த ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற மின்சார வண்டிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள். அதெல்லாம் பேட்டரிக்கான விதி, உங்கள் வீட்டு வயருக்கு அல்ல. படுக்கிற இடத்திலும் வெளியே போகும் ஒரே வாசலிலும் வண்டியை வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

பானெட்டைத் திறந்தால் தெரியும், பேட்டரியின் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிளைப் பற்றி மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சாவியை ஆஃப் செய்ததால் அது செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சாவியைத் தூரமாக வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும், இன்வெர்ட்டர் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜ் இறங்க கம்பெனி சொன்ன நேரம், பொதுவாக 5 முதல் 10 நிமிடம், காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துத்தான் நாங்களே கை வைக்கிறோம். அப்போதும் பேட்டரி பெட்டிக்குள் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும். பயிற்சி இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது.

அப்புறம் வெள்ளம். 2021 நவம்பரில் பாலாறு வந்தது மாதிரி இன்னொரு முறை வந்து கார் மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம். கம்பெனிக்குச் சொல்லி, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இறக்கிய இடத்திலும் மற்ற வண்டிகளோடு ஒட்டாமல் வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே தண்ணீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் பற்றிக்கொள்ளும்.