தொலையுணர்தலில் 'நுண்' எங்கிருந்து வந்தது?

பாடநூல், போட்டித் தேர்வுக் கையேடு, மேடைப் பேச்சு என்று எங்கு திரும்பினாலும் 'தொலை நுண்ணுணர்வு'. ரிமோட் சென்சிங்குக்கு இதுதான் தமிழ் என்று நிலைத்தேவிட்டது. அண்மையில் ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் 'நுண்ணலைத் தொலை நுண்ணுணர்வு' என்று அச்சிட்டிருந்தார்கள். நுண்ணலை என்பது மைக்ரோவேவ். அதில் 'நுண்' இருப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த 'நுண்' எதற்கு? முதன்முறை படிக்கும் மாணவர் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத்தானே நினைப்பார்? 'நுண்'ணை விட்டுத் 'தொலையுணர்தல்' என்றே சொல்லலாம் என்பது என் கட்சி.

பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளி, வெப்பம், ரேடியோ அலை போன்றவற்றைத் தொலைவிலிருந்து அளந்து அதைப் பற்றி அறிவதே ரிமோட் சென்சிங். அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் இருந்த புவியியலாளர் எவலின் புரூயிட் 1950களின் இறுதியில் இந்தப் பெயரை வைத்தார். அதுவரை வான்வழிப் புகைப்படம் என்ற பெயர் போதுமானதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் ரேடார் அலையையும் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு 'புகைப்படம்' பொருந்தவில்லை. தமிழில் 'தொலை' தொலைபேசி, தொலைக்காட்சி வழியாக நன்றாகப் பழகிய முன்னொட்டு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடுத்த பாதியில்தான்.

நுண்ணுணர்வு நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். 'நுண்ணுணர் வின்மை வறுமை' என்கிறது நாலடியார், அறிவின்மை என்ற அதிகாரத்தில். அங்கே அதற்குக் கூர்த்த அறிவு என்று பொருள். இன்றும் கவிஞருக்கு நுண்ணுணர்வு உண்டு, நல்ல வாசகருக்கு உண்டு என்கிறோம். செயற்கைக்கோளில் பொருத்திய கருவிக்கு அது கிடையாது. அது எண்களைப் பதிவு செய்து கீழே அனுப்புகிறது. அந்த எண்களுக்குப் பொருள் சொல்பவர் ஆய்வாளர்.

சரி, நுட்பமாக அளக்கிறது என்ற பொருளில் போட்டிருப்பார்களோ என்று பார்த்தால் அதுவும் எப்போதும் நிற்கவில்லை. 1988 மார்ச் 17 அன்று பைக்கானூரிலிருந்து ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கேமராவுக்கு 72.5 மீட்டர்தான் பிரிதிறன், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் அத்தனை அகலத்தைக் குறிக்கும். ஒரு படப்புள்ளிக்குள் வீடு, தோப்பு, வரப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். உலகம் முழுவதும் பயிர், காட்டுத்தீ, கடல் வெப்பம் பார்க்கப் பயன்படும், நாசா செயற்கைக்கோள்களில் பொருத்திய மோடிஸ் கருவியின் படப்புள்ளி 250 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை. பருமட்டாகப் பார்ப்பதால்தான் அது ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுவதையும் சுற்றி முடிக்கிறது. நுண்மை சில கருவிகளின் தன்மை. அதைத் துறையின் பெயரிலேயே ஒட்டவைத்தால், பருமட்டான படம் தொலை நுண்ணுணர்வில் சேருமா சேராதா என்று வகுப்பில் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள்.

சொல்லாக்கத்திலும் இது இடறுகிறது. சென்சாருக்கு 'உணரி' என்ற அழகான சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இனி 'ரிமோட் சென்சிங் சென்சார்' என்று எழுத வேண்டுமானால்? 'தொலை நுண்ணுணர்வு உணரி'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொலையுணர்தல் என்று தொடங்கினால் தொலையுணரி, தொலையுணர் படம், தொலையுணர் தரவு, தொலையுணர் செயற்கைக்கோள் என்று தானாகவே வளர்ந்துகொண்டு போகும். ஒரு கலைச்சொல்லைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: அது பிள்ளை பெறுகிறதா?

'நுண்'ணை விட்டுவிட்டு 'தொலையுணர்வு' என்று எழுதலாமே என்பார்கள். நுண்ணுணர்வுக்கு இது எவ்வளவோ மேல். 'உணர்வு' தொழிற்பெயர்தான், குறளில் 'ஐயுணர்வு' ஐம்புலன் அறிவைத்தான் குறிக்கிறது என்ற வாதமும் சரியே. ஆனால் இன்றைய தமிழில் உணர்வு என்றால் நாட்டுணர்வு, குற்றவுணர்வு, பசியுணர்வு. தொலையுணர்வு என்றதும் தூரத்தில் இருக்கும் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று தாய்க்கு மனசு படபடப்பதுதான் நினைவுக்கு வரும். '-தல்' சேர்த்ததும் அது செயல் ஆகிவிடுகிறது, செய்வது இன்னதென்று தெரிகிறது.

தொல்காப்பியம் ஓரறிவு உயிரை 'உற்றறிவது' என்கிறது. உறுதல் என்றால் தொடுதல். மேலே சொன்ன வரையறையை இதன் பக்கத்தில் வைத்தால், தொலையுணர்தல் என்பது உறாமல் அறிவது. இப்படி ஒரு கருத்துச் சட்டகமே மொழிக்குள் இருக்கும்போது, ஏன் அகராதியில் 'நுண்ணுணர்வு' கிடைக்கும் 'சென்சிட்டிவ்' பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்?

செய்தித்தாள்கள் வேறு வழியில் போகின்றன. அவற்றில் சில 'தொலைநோக்குச் செயற்கைக்கோள்' என்று எழுதுகின்றன. தொலைநோக்கி என்பது டெலஸ்கோப். அதைச் சுமக்கும் செயற்கைக்கோள் விண்மீன்களைப் பார்க்கும். இவை பார்ப்பது பூமியை. அதோடு, எல்லாத் தொலையுணர்தலும் நோக்குவது அல்ல. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களுக்குப் பூமியைப் பார்க்கும் கேமராவே தேவைப்படவில்லை. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த அவை, கீழே உள்ள நிறைக்கேற்ப ஈர்ப்பு மாறும்போது தமக்கிடையே உள்ள தூரம் மயிரிழையிலும் சிறிதாக மாறுவதை அளந்தன. நிலத்தடி நீர் வற்றினால் நிறை குறையும், ஈர்ப்பும் குறையும். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், டெல்லிப் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டதை இப்படித்தான் கணித்தார்கள். அளவீடு அத்தனை நுண்ணியது. ஆனால் ஒரு கிராமத்துக் கிணற்றைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது, பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பகுதிக்குத்தான் விடை தரும். 'நோக்கு'க்கும் 'நுண்'ணுக்கும் சேர்த்து இந்த ஒரு சான்றே போதும்.

துணைச் சொற்களிலும் இதே அலட்சியம். சூரிய ஒளி பட்டுத் திரும்புவதையோ பொருளிலிருந்து வெளிவரும் வெப்பத்தையோ வாங்கிக்கொள்ளும் பாசிவ் சென்சாரை 'மந்த உணரி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அதில் மந்தம் என்ன இருக்கிறது? ஏற்புணரி எனலாம். ரேடார் போலத் தானே அலையை வீசி எதிரொலியை வாங்குவது வீச்சுணரி. மேகம் மூடிய நாளிலும் நள்ளிரவிலும் வெள்ளத்தின் எல்லையைக் காட்டுவது இந்த ரேடார்தான். 'கிரவுண்ட் ட்ரூத்' என்பதைக் 'கள உண்மை' என்று எழுதுபவர்கள் அங்கே நடப்பது என்னவென்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம். வயலில் இறங்கி, படத்தில் நெல் என்று காட்டும் இடத்தில் நெல்தான் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அது களச் சரிபார்ப்பு.

கடைசியாக, 'செயற்கைக்கோள் எடுத்த புகைப்படம்'. பல தொலையுணர் படங்களில் அகச்சிவப்புக்கு சிவப்பு நிறம் கொடுத்திருப்பார்கள். செழித்த இலை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதனால் நல்ல காடு படத்தில் இரத்தச் சிவப்பாகவும் தெளிந்த நீர் கறுப்பாகவும் தெரியும். இந்தியாவில் இந்தத் துறையே அப்படித்தான் தொடங்கியது. வானிலை அறிவியலாளர் பிஷாரோட்டி தலைமையில் 1970 வாக்கில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் கேரளத் தென்னந்தோப்புகளைப் படமெடுத்து, வேர் வாடல் நோய் தாக்கிய மரங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அன்று எடுத்தது புகைப்படம், ஃபிலிமில் எடுத்தது. இன்று வருவது வரிவரியாக அளந்த எண்களுக்கு நிறம் ஏற்றிய படம். 'புகைப்படம்' என்று தலைப்பிட்டு அச்சிட்டால், சிவந்து கிடக்கும் காட்டைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதென்று வாசகர் நினைப்பது அவர் தவறாகாது.